ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போயே ஆக வேண்டுமா?

திருப்பூர்க்காரன்

வணக்கம் மக்களே. போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் இலவசப் பல் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான் ஏற்பாடு. எனக்கு வயது 36, பல்வலி என்று இதுவரை ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை. ஓசிதானே என்று போய் வாயைத் திறந்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, ஒரு சீட்டில் மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: ஏழு சொத்தை, அதில் இரண்டுக்கு ரூட் கேனல் (நரம்பு வைத்தியம்), இரண்டு கேப், முழு வாய்க்கும் ஸ்கேலிங் (காரை எடுத்துச் சுத்தம் செய்வது), மொத்தம் 42,000 ரூபாய். இந்த மாதத்துக்குள் வந்தால் 20 சதவீதம் தள்ளுபடி, வேண்டுமானால் இ.எம்.ஐ. கூட உண்டாம்.

சீட்டின் அடியில் சிவப்பு எழுத்தில் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை அவசியம்" என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். என் கேள்வி இதுதான். வலியே இல்லாதபோது பல் டாக்டரிடம் போவது நிஜமாகவே தேவையா, இல்லை இது வண்டிக்கு சர்வீஸ் விடச் சொல்லி ஷோரூமிலிருந்து போன் வருகிற மாதிரி ஒரு வியாபாரமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சீட்டை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ராஜபாளையத்தான்

கிழித்துப் போடுங்கள் நண்பரே. என் தாத்தா வாழ்நாளில் பல் டாக்டர் வாசற்படியை மிதித்ததே இல்லை. காலையில் வேப்பங்குச்சி, அது கிடைக்காத நாளில் சாம்பலும் உப்பும், 81 வயதில் போகும்போது கூட சீடையைக் கடகடவென்று கடித்துத் தின்றார். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சும்மாவா சொன்னார்கள்? பேஸ்ட் வந்தது, கூடவே சொத்தை வந்தது, அதன் பின்னாலேயே தெருவுக்கு மூன்று பல் கிளினிக் வந்தது. எங்கள் தெருவில் இப்போது டீக்கடையை விட பல் கிளினிக்தான் அதிகம்.

மெட்ராஸ்மீனா

@ராஜபாளையத்தான் அண்ணே, தாத்தா சீடை கடித்தது சரி. பாட்டிக்கு எத்தனை பல் இருந்தது?

ராஜபாளையத்தான்

பாட்டி பொக்கை வாய்தான். அது வயசானதால் வருவது இல்லையா.

மெட்ராஸ்மீனா

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் பாட்டி மடியில் சின்ன இரும்பு உரல் ஒன்று எப்போதும் இருக்கும், வெற்றிலை பாக்கை அதில் இடித்துத்தான் வாயில் போடுவாள். சின்ன வயதில் அந்த டொக் டொக் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வளர்ந்த பிறகுதான் உறைத்தது, அந்த உரல் இருந்ததே அவளுக்குப் பல் இல்லை என்பதால். அப்போது அவளுக்கு 55 வயது கூட இருக்காது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் அந்த உரல் இருந்ததே, அது எதற்காம்? ஆலும் வேலும் எல்லார் பல்லையும் காப்பாற்றியிருந்தால் அந்த உரலுக்கு வேலையே இருந்திருக்காது. 80 வயதில் சீடை கடித்த ஒரு தாத்தாவை எல்லோரும் சொல்லுவோம், பழைய சோற்றைக் கரைத்துக் குடித்த பத்துப் பேரைச் சொல்ல மாட்டோம்.

பல்லவன்

நான் பல் மருத்துவர். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 14 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன், அதனால் இவன் தன் பிழைப்புக்காகப் பேசுகிறான் என்று முதலிலேயே நினைத்துக்கொண்டு படிக்கலாம், தப்பில்லை.

திருப்பூர் தம்பி, உங்கள் சீட்டைப் பற்றி முதலில். டார்ச்சும் கண்ணாடியும் வைத்து இரண்டு நிமிடத்தில் ரூட் கேனல் தேவை என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொத்தை நரம்பு வரை போயிருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரே வேண்டும், அந்தப் பல் சூடு குளிர்ச்சிக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் விலை மட்டும் எழுதிய சீட்டு கொட்டேஷன், அதை நோய்க்கணிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல்லில் தெரிகிற கறுப்பெல்லாம் சொத்தையும் இல்லை. கடைவாய்ப்பல் பள்ளத்தில் டீக்கறை படிந்து கறுத்துக் கிடக்கும், பத்து வருடம் ஆனாலும் அது அப்படியேதான் இருக்கும்.

ஆனால் "வலி இல்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. பல்லின் மேல் ஓடு எனாமல், அதில் நரம்பே கிடையாது. சொத்தை அங்கே தொடங்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளிதான் வரும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பேஸ்ட்டும், இனிப்பைக் குறைப்பதும் போதும், டிரில்லே வேண்டாம், பல் தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். எனாமலைத் தாண்டி உள்ளே போனால் கூச்சம் வரும், அப்போது அடைத்தால் போதும். நரம்பைத் தொட்ட பிறகுதான் இராத்திரி இரண்டு மணிக்கு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிற வலி வரும், என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறார்கள். சில நூறு, மிஞ்சினால் ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது கேப்போடு சேர்த்து பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

அந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் வேடிக்கைதான். 1930களில் அமெரிக்க ரேடியோவில் பெப்சோடென்ட் பற்பசை விளம்பரம், தினம் இரண்டு முறை பல் துலக்குங்கள், வருடத்துக்கு இரண்டு முறையாவது டாக்டரைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. எல்லாருக்கும் ஆறு மாதம் என்று ஆராய்ந்து வைத்த கணக்கு இல்லை. கல்லூரியில் எங்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை

டாக்டரே வாய் திறந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். 1977இலேயே ஆப்ரே ஷைஹாம் என்ற லண்டன் பேராசிரியர் லான்செட் மருத்துவ இதழில், ஆறு மாதப் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்று தலைப்பிலேயே கேட்டு எழுதிவிட்டார். அதற்கப்புறம் 2004இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கிற நைஸ் அமைப்பு, பெரியவர்களுக்கு அவரவர் வாயின் நிலையைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை இடைவெளி விடலாம் என்றது. 18 வயதுக்குக் கீழே என்றால் 3 முதல் 12 மாதம்.

சரி, இரண்டு வருடம் இடைவெளி விட்டால் ஏதாவது கெட்டுப்போகிறதா என்று பிரிட்டனில் சோதித்தே பார்த்தார்கள். 51 கிளினிக், 2,372 பேர், நான்கு வருடம். சிலரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிலரை 24 மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களை டாக்டர் கணிக்கிற இடைவெளியில் வரச் சொன்னார்கள். 2020இல் முடிவு வந்தது: ஈறில் இரத்தம் கசிவதில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஸ்கேலிங் பற்றி இன்னொன்று, 1,877 பேர், மூன்று வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டவர்கள், வருடத்துக்கு ஒருமுறை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாதவர்கள், மூன்று கூட்டத்துக்கும் ஈறு ஒரே மாதிரிதான் இருந்தது.

ஆக திருப்பூர்க்காரரே, சிவப்பு எழுத்துக்கு எல்லாம் பயப்படாதீர்கள். 1997இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை நிருபர் ஒரே வாயை எடுத்துக்கொண்டு 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் போனார். அவர்கள் சொன்ன செலவு 500 டாலருக்குள் தொடங்கி 30,000 டாலரை நெருங்கியது! உங்கள் 42,000 எந்த ரகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

யாழ்நேசன்

நான் லண்டனில இருக்கிறன், அந்த பிரிட்டன் கதையை நேரில பாக்கிற ஆள். இங்க என்ர பல் வைத்தியர் போன வருசம், "உங்கட வாய் நல்லா இருக்கு, இனி இரண்டு வருசத்துக்குப் பிறகு வாங்கோ" எண்டு சொல்லி அனுப்பினவர். முதலில எனக்கே நம்பிக்கை வரேல்ல, காசு வேண்டாம் எண்டு சொல்லுற பல் வைத்தியரா எண்டு. ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. இங்க இப்ப கஷ்டம் என்னவெண்டால், என்.எச்.எஸ். எண்ட அரச மருத்துவ சேவையில பல் வைத்தியர் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. புதுசா ஆள் எடுக்கிற இடமே இல்லாமல் சனம் அலையுது. அதனால "இரண்டு வருசம் போதும்" எண்டு சொல்லுறது அறிவியலா, இல்லை ஆள் பற்றாக்குறையா எண்டு சந்தேகமாயும் இருக்கு.

ஊரில நான் படிக்கேக்க பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக் இருந்தது. பேரைக் கூப்பிட்டால் வகுப்பே நடுங்கும். அந்த மிஸ் வாயைத் திறக்கச் சொல்லி, அடைக்க வேண்டியதை அப்பவே அடைச்சு விடுவா, ஒரு சதம் காசு இல்லை. எனக்கு இண்டைக்கும் இருக்கிற கடைவாய்ப்பல்லு ரெண்டு அவ அடைச்சதுதான். அண்டைக்கு அழுதுகொண்டு ஓடினனான்.

பல்லவன்

@கணக்குப்பிள்ளை சொன்ன ஆராய்ச்சிகளை நான் மறுக்கவில்லை, ஆனால் யார் வாயில் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 2,372 பேரும் ஏற்கெனவே ஒழுங்காகப் பல் டாக்டரைப் பார்த்து வந்தவர்கள். அதிலும் இரண்டு வருடம் விடலாம் என்று அவர்களுடைய டாக்டரே ஒப்புக்கொண்டவர்களைத்தான் 24 மாத வரிசையில் போட்டார்கள். ஸ்கேலிங் ஆராய்ச்சியில் கடுமையான ஈறு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஒரு தடவை கூட வாயைக் காட்டாத 36 வயது மனிதரிடம் "உனக்கும் தேவையில்லை" என்று சொன்னால் எப்படி? அந்த இரண்டு வருடக் கணக்கு முதல் தடவை போய்வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

கணக்குப்பிள்ளை

இது நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

தகடூரான்

என் கதையையும் கேளுங்கள். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள், பல ஊர்களில் தாண்டித்தான் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் ஒரு காரணம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு, நாங்கள் யாரும் அதை விசித்திரமாகவே நினைத்ததில்லை. கல்லூரிக்குப் போன இடத்தில்தான், வாயை மூடிச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குப் பெங்களூர் போனதும் ஒரு கிளினிக்கில் என் முன்பல் நான்கையும் சொத்தை என்று சொல்லி அடைக்க நாள் குறித்தார்கள். இன்னொரு இடத்தில் காட்டியபோது அந்தப் பெண் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" பல் உருவாகிற வயதில் குடித்த தண்ணீரால் வந்த கறை, சொத்தை ஒன்றும் இல்லை, அழகுக்காக வேண்டுமானால் ஏதாவது செய்யலாம், இல்லாவிட்டால் விடுங்கள் என்றார். அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். டிரில்லை எடுப்பதற்கு முன்னால் ஊரைக் கேட்கிற டாக்டரா, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிற டாக்டரா என்று பார்ப்பேன்.

சுகர்சுப்பு

அனுபவம் ஒன்று. எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். மாத்திரையைக் கூட்டியும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. பல் துலக்கும்போது இரத்தம் வரும், பிரஷ் முரட்டு பிரஷ் என்று நானே முடிவு செய்து பிரஷ்ஷை மாற்றிக்கொண்டே இருந்தேன். சர்க்கரை டாக்டர்தான் ஒருநாள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதலில் ஈறைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்று விரட்டினார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டுச் சீழ் பிடித்தால் சர்க்கரை இறங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகுமாம். ஈறு வைத்தியம் செய்தால் அந்தச் சராசரி 0.4 அளவுக்கு இறங்கும் என்று பிறகு படித்தேன், எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இறங்கியது. ஒரு மாத்திரை சேர்த்த மாதிரி.

பிரஷர் மாத்திரையில் அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள், சிலருக்கு ஈறு வீங்கிப் பல்லின் மேல் ஏறும். என் மச்சானுக்கு வந்தது. எல்லாருக்கும் வராது, வந்தால் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு ஆறு மாதம் கூட அதிகம், எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ராஜபாளையத்தான்

எல்லாம் சரி, ஸ்கேலிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்பதாவது உண்மையா இல்லையா? என் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்றும் சொல்கிறார்களே.

பல்லவன்

கண் கதையை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் போகிற வயதும் பார்வை மங்குகிற வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த பேச்சு அது.

அத்தை கதை வேறு. ஈறு நோயில் பல்லைச் சுற்றியிருக்கிற எலும்பு கரைந்துபோயிருக்கும், அந்த இடத்தில் கல் மாதிரி காரை படிந்து பல்லுக்குப் பல் முட்டுக்கொடுத்து நிற்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. இடிந்த சுவரில் மண்ணை அள்ளிய பிறகு விரிசல் தெரிகிற மாதிரி. பத்து வருடம் முன்னால் அத்தை வந்திருந்தால் எலும்பு இருந்திருக்கும்.

கவிநிலா

பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகளுக்கு ஏழு வயது. கடைசிப் பல்லில் கறுப்பாகப் பள்ளம் தெரிந்தது, பால்பல்தானே விழுந்து முளைக்கும் என்று ஒரு வருடம் விட்டுவிட்டேன். அது பால்பல்லே இல்லை! ஆறு வயது வாக்கில் பால்பல் வரிசைக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்குமாம், அது சாகும் வரை இருக்க வேண்டிய பல். பல் விழாததால் வீட்டில் யாருக்கும் அது புதுப்பல் என்று தெரிவதில்லை. அது முளைத்த சமயத்தில் கூட்டிப் போயிருந்தால் பள்ளத்தை மூடுகிற ஒரு பூச்சு போட்டு விட்டிருப்பார்களாம், வலியே இல்லாத வேலை. இப்போது ஏழு வயதுக் குழந்தைக்கு நரம்பு வைத்தியம். அவள் அன்று அழுத அழுகையை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. வளர்ந்தவர்கள் ஆராய்ச்சி பேசிக்கொள்ளுங்கள், ஆறு வயதுப் பிள்ளையை மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வைகைக்கரை

இந்தப் பேச்சை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் அப்பா லாரி ஓட்டினார். இராத்திரி தூக்கம் வராமல் இருக்க வெற்றிலை, பாக்கு, புகையிலை. கன்னத்தின் உள்பக்கம் புண் வந்தது, காரம் பட்டால் எரிகிறது என்றார். மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டார். சூடு என்று சொல்லி அம்மா மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்தாள். இப்படியே நான்கு மாதம் போனது. வாயைத் திறக்க முடியாமல் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தள்ளிச் சாப்பிடுகிற நிலைமை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடையில் ஒரு பக்கத்தையே எடுத்தார்கள். அப்புறம் 14 மாதம் இருந்தார். கடைசி வரை அவர் கேட்டது, "பல்லு ஒண்ணும் வலிக்கலையேப்பா, எப்படி?" என்பதுதான்.

பல்லைக் காட்டப் போகிறோம் என்று நினைக்கிறோம், வாயைக் காட்டப் போகிறோம் என்று நினைப்பதில்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இதில் எது இருந்தாலும் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், நேராகக் காட்டுங்கள். அப்புறம் உங்கள் கையின் நடுவில் இருக்கிற மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்று நுழைந்தால் வாய் நன்றாகத் திறக்கிறது. நுழையாவிட்டால், அதுவும் பாக்குப் போடுகிற ஆளாக இருந்தால், கன்னத்துச் சதை உள்ளே இறுகிக்கொண்டு வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். புகையிலை இல்லாத வெறும் பாக்கு, இனிப்புப் பாக்கு பாக்கெட், எதுவாக இருந்தாலும் சரி. பாக்கு ஒன்றே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று 2004இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை

@வைகைக்கரை மன்னியுங்கள், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் மேலே எழுதியதோடு இதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் 1996இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள், 13 பஞ்சாயத்துப் பகுதிகள், கிட்டத்தட்ட 1,90,000 பேர். அதில் பாதிப் பகுதிகளில் பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சம் அடித்து வாயைப் பார்த்தார்கள். டாக்டர் இல்லை, எக்ஸ்ரே இல்லை, வெறும் கண். 2005இல் வந்த முடிவுப்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோயால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் பெரிய பலன் தெரியவில்லை. பிரிட்டன்காரன் வாய்க்கு எழுதின கணக்கை வைத்து நம் ஊரில் வாதாடினேன் பாருங்கள், அதுதான் என் தப்பு. பாக்கு மெல்லுகிற ஊரில் கேள்வியே வேறு.

மெட்ராஸ்மீனா

காசு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: சென்னையில் இருப்பவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், கூட்டம் இருக்கும், மாணவர்கள்தான் பார்ப்பார்கள், பின்னால் பேராசிரியர் நின்று சரிபார்ப்பார். ஒரு பல் அடைக்க அரைநாள் போய்விடும், ஆனால் தேவையில்லாததைச் செய்து கமிஷன் வாங்குகிற வேலை அங்கே இல்லை. மற்ற ஊர்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யிலும் கிளினிக்கை விடக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டாவது ஆள் பார்த்து ஒரு கருத்துச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. மெடிக்கல் பாலிசியை நம்பாதீர்கள், விபத்தில் பல் உடைந்தால் தவிர பெரும்பாலும் பல் வைத்தியத்துக்குத் தர மாட்டார்கள்.

திருப்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன். மெட்ராஸ்மீனா அக்கா சொன்ன மாதிரி ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்குப் போய்வந்தேன், ஒரு நாள் சம்பளம் போனது. நான்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏழு சொத்தையில் இரண்டுதான் நிஜம், அதுவும் அடைத்தால் போதும். இரண்டு ஆரம்பக் கட்டம், பேஸ்ட் மாற்றி, தூங்கப் போகும் முன் துலக்கி, துலக்கிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் துப்ப மட்டும் செய்யச் சொன்னார்கள். மீதி மூன்றும் டீக்கறை. ரூட் கேனல் ஒன்றும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார்கள், ஏழு என்றேன், சர்க்கரை போட்டா என்றார்கள், பின்னே? ஒவ்வொரு டீக்கு அப்புறமும் அரை மணி நேரத்துக்கு மேல் வாயில் அமிலம் இருக்குமாம். கம்பெனியில் சர்க்கரை இல்லாத டீ கேட்டால் டீ மாஸ்டர் சுகரா என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது, இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. வைகைக்கரை எழுதியதைப் படித்த அன்று இராத்திரி கண்ணாடி முன் நின்று விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு நுழைந்தது, மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. பிரியாணிக்கு அப்புறம் என்று ஆரம்பித்த பாக்கு பாக்கெட் எட்டு வருடமாக தினம் ஆறேழு போகிறது, இதில் புகையிலை இல்லை என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். ஓ.பி.யில் அந்தப் பெண், மாணவிதான், முதலில் பல்லையே பார்க்கவில்லை. கையுறை போட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டுப் பேராசிரியரைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் நார் நாராக இறுக ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனி முகாமில் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை, பாக்குப் போடுவாயா என்று யாரும் கேட்கவும் இல்லை.

பல்லவன்

தம்பி, பாக்கெட்டை நிறுத்திவிட்டீர்களா?

திருப்பூர்க்காரன்

அன்று இராத்திரியே, டாக்டர். சட்டைப்பையில் இருந்த நான்கையும் சாக்கடையில் போட்டேன். ஆனால் மதியம் சாப்பிட்டதும் கை தானாகப் பைக்குப் போகிறது.

பல்லவன்

போகத்தான் செய்யும், கொஞ்ச நாளுக்கு. சீரகமோ சோம்போ பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய சதை முழுக்கப் பழைய மாதிரி ஆகாது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நிறுத்தினால் மேலே போவதைத் தடுக்கலாம், வாய் திறக்கப் பயிற்சி இருக்கிறது, சொல்லிக் கொடுப்பார்கள். ரிசல்ட் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு இரண்டு வருடக் கணக்கெல்லாம் இல்லை, அவர்கள் எத்தனை மாதம் சொல்கிறார்களோ அத்தனை மாதம்தான்.

வைகைக்கரை

வியாழக்கிழமை தனியாகப் போகாதீர்கள் தம்பி. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ராஜபாளையத்தான்

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்றும் நுழைந்தது. ஆனால் பின்னால் ஒரு பல் ஆடுகிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. @பல்லவன் கும்பகோணம் எவ்வளவு தூரம்?